சிவப்பு மை வேண்டாம், தம்பி

அண்ணே,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: திகாம் பத்து ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் தோட்ட அலுவலகத்தில், நேற்றுக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்த கையோடு, துரையம்மா விட்டுப்போன பூனைக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. இரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. தாயும் சேய்களும் நலம். பிரசவம் நடந்த இடம், ‘பதில் வராதவை’ என்று எழுதி ஒட்டிய மரத் தட்டு. மேற்படி தட்டிலிருந்த காகிதங்கள் யாவும் இனி அலுவலக உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று பொறுப்புக் கிராணியாகிய நான் பார்வையிட்டுச் சான்று அளித்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தவருக்கு எழுதும் கடிதத்தை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க முடியவில்லை. அதனால்தான் பூனையிலிருந்து தொடங்கினேன். உங்களுக்கும் இதுதான் பிடிக்கும்.

குட்டிகளைத் துரையின் தொப்பிக்குள் மாற்றினேன். சண்டை வந்ததும் துரை ஓடியபோது இங்கே விட்டுச் சென்றது ஒரு தொப்பி, ஒரு பூனை, எட்டு ஃபைல். தட்டின் அடியில் ஈரமாக ஒட்டிக்கிடந்த தாளை உரித்து எடுத்தேன். கார்பன் காப்பி. ஊதா எழுத்தில் ‘ரிமைண்டர்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே ‘மூன்றாவது’. கார்பன் மையின் வாசனையோடு பூனைப்பால் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. அதன் அசல் உங்கள் கன்னத்தில் போய் இறங்கும் என்று டைப் அடித்த அன்று எனக்குத் தெரியாது.

ஆனால் இது துக்கக் கடிதம் இல்லை, அண்ணே. ஜெயித்தவன் எழுதும் கடிதம். கெடாவிலேயே, ஏன், இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் முழுவதிலுமே, ஜப்பான் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதத்தால் பதினோரு பாட்டில் கொய்னா மாத்திரை வாங்கிய ஒரே ஆள் நான்தான். அதற்குச் சாட்சி நீங்கள். சாட்சியே போய்விட்டதால் கதையை நானே முழுசாகச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

நான் எப்படிக் கிராணியானேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பெரிய கிராணி பாலிங்கில் மாமனார் வீட்டுக்கு ஒரு வாரம் என்று சொல்லிப் போனார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சுங்கைப்பட்டாணி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, துரை ஓடியபின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட கண்டக்டர் ஐயா என்னைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது. கால் தரைக்கு எட்டியது. அதுவே போதும் என்றார்.

வெள்ளைக்காரன் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் ஆபீசுக்கு ஆபீஸ் இங்கிலீஷில்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஜப்பான் அதிகாரிக்குத் தமிழ் வராது, மலாய் வராது. எங்களுக்கு அவர் பாஷையில் காலை வணக்கத்துக்கு மேல் வராது. ஓடிப்போனவனின் பாஷைதான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேலை பார்த்தது.

எங்கள் ஆஸ்பத்திரி அலமாரியில் கொய்னா தீர்ந்து அப்போது ஏழு வாரம். கீழ் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் மலேரியாக் காய்ச்சலில் கோணிக்குள் சுருண்டு கிடந்தார்கள். அந்த மாதம் இரண்டு பேரைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். எங்கள் வீட்டில் என் தங்கச்சி பாக்கியம், ஒன்பது வயது. ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சி வெயிலில், சங்கு ஊதினாற்போல அவளுக்கு நடுக்கம் பிடிக்கும். பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டு நான் கிண்டல் செய்வேன், ஆபீஸ் டைப்ரைட்டரைவிட வேகமாக அடிக்கிறாயே என்று. அவளும் சிரிப்பாள். பிறகு சிரிக்கிற தெம்பும் போய்விட்டது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழை தொடங்குவதற்குள் மாத்திரை வராவிட்டால் இந்தப் பிள்ளை தாங்காது என்று அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். நான் கிராணி அல்லவா.

மாத்திரை, ஜப்பான் அதிகாரிக்குக் கீழே நீங்கள் கிராணியாக இருந்த சுங்கைப்பட்டாணி மருந்துக் கிடங்கில் இருந்தது. எழுதிக் கேட்டாயிற்று. பதில் இல்லை. ஆகவே நினைவூட்ட வேண்டும். எப்படி நினைவூட்டுவது என்று எட்டு ஃபைலையும் புரட்டினேன். அப்போதுதான் இங்கிலீஷ்காரனின் ரகசியம் தெரிந்தது. ஊரையே ஆண்டவன், ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டுமென்றால், ‘தங்களுக்கு நினைவூட்ட இரந்து நிற்கிறேன்’ என்று எழுதியிருக்கிறான். முடிக்கும்போது ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்கும் பெருமை உடையவன்’. கோவில் வாசலில்கூட இவ்வளவு பணிவாக யாரும் கையேந்தி நான் பார்த்ததில்லை. முதல் நினைவூட்டலில் நானும் அப்படியே இரந்தேன். ஊழியனாக இருந்தேன். பெருமையும் அடைந்தேன். மாத்திரை வரவில்லை.

இரண்டாவதில் கொஞ்சம் சிநேகம் கலந்தேன். ‘எங்கள் முந்தைய கடிதம் தங்கள் பார்வையிலிருந்து தப்பியிருக்கக்கூடும்.’ இது துரையின் கைச்சரக்கு. நீ மறந்துவிட்டாய் என்று சொல்லாமல், பழியைக் கடிதத்தின் தலையில் கட்டுவது. அதுதான் எங்கேயோ தப்பி ஓடிவிட்டதாம். அதை எழுதிவிட்டு ஒருநாள் முழுக்க என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை.

மூன்றாவதை எழுதிய அன்று பாக்கியத்துக்குக் கண் மேலே சொருகிவிட்டது. அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டாள். நான் ஆபீசுக்குப் போய்ச் சிவப்பு மைப் புட்டியைத் திறந்தேன். தலைப்புக்கு மூன்று கோடு. கீழே எழுதியது தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘தங்கள் அலுவலகத்தில் கடிதங்களைச் சாப்பிடுகிறார்களா? உணவுத் தட்டுப்பாடு எங்களுக்கும் புரிகிறது. எங்கள் தோட்டத்தில் மூன்று வேளையும் வயிறார உண்பவை கொசுக்கள் மட்டுமே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கண்டக்டர் ஐயா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தோட்டமே பட்டினி கிடக்கையில் இப்படி ஒரு நகைச்சுவையா என்று நான் பெருமையில் மிதந்தேன்.

ஆறு நாளில் பதில் வந்தது. என் கடிதமே திரும்பி வந்திருந்தது. பின்பக்கம் பென்சிலால், தமிழில், ஒரே வரி. ‘சிவப்பு மை வேண்டாம், தம்பி.’

எனக்கு வந்த கோபத்தில் தோட்டத்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். டயருக்குப் பதில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டிய சைக்கிள். சுங்கைப்பட்டாணி போய்ச் சேர்வதற்குள் என் எலும்புகள் ஒன்றுக்கொன்று அறிமுகமாகிவிட்டன. வழி முழுக்க உங்களைத் திட்டுவதற்கு வசனம் தயார் செய்துகொண்டே மிதித்தேன். ஏட்டுச் சுரைக்காய், பென்சில் திருடன், மாத்திரைக்குக் காவல் இருக்கும் பூதம். எல்லாம் தயார்.

உங்கள் மேசை, அதிகாரியின் அறைக்குள்ளேயே, பக்கச் சுவர் ஜன்னலை ஒட்டி இருந்தது. அவர் நாற்காலி காலியாக இருந்தது. குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். என்னைவிட எட்டு வயது கூட இருக்கும். ஒல்லி. கஞ்சி போட்டு விறைத்த சட்டை, காலர் மட்டும் கிழிந்து தைத்தது.

“நீங்கதானா அந்தப் பென்சில்?” என்று கேட்டேன்.

நீங்கள் நிமிர்ந்தீர்கள். இடது கன்னம் ஒருபக்கமாகப் பொங்கிய ஆப்பம் மாதிரி இருந்தது. அந்தக் கண் பாதிதான் திறந்தது.

“நீதானா அந்த மை?” என்றீர்கள்.

வழியெல்லாம் தயார் செய்த வசனம் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை, அண்ணே. என் வாழ்க்கையில் முதல் தடவை.

கட்டடத்துக்குப் பின்னால் அங்சானா மரத்தடிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னீர்கள். என்னுடைய முதல் இரண்டு நினைவூட்டலும் உங்கள் டிராயரில் பத்திரமாக இருந்தனவாம். என்னுடையவை மட்டுமில்லை, எல்லாத் தோட்டத்து நினைவூட்டல்களும். ஒன்றைக்கூட நீங்கள் அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோகவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்த கிராணி கொண்டுபோய் வைத்து அறை வாங்கி, வேலையை விட்டே போனவர். நினைவூட்டுவது என்றால், ஐயா நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்வது. அந்த மனிதர் மறப்பதில்லை. மறந்தார் என்று எழுத்தில் கொடுப்பது பெரிய அவமானம். மூன்றாவது கடிதம் வந்த அன்று நீங்கள் இடத்தில் இல்லை. பியூன் நேராக உள்ளே கொண்டுபோய்விட்டான்.

“அகராதிய வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா படிச்சாரு. கொசு வரைக்கும் படிச்சாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டாரு.”

ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன்.

“சாப்பிடும்போது மட்டும்தான்லா. அது பரவால்ல, சாப்பிடத்தான் ஒண்ணும் இல்லியே.”

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரிக்கப் போய், வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன். டிரஸ்ஸர் சொன்னதையும் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. மரத்திலிருந்து மஞ்சள் பூ ஒன்று உங்கள் தலையில் விழுந்தது. நீங்கள் தட்டிவிடவில்லை. சரி, இன்னொரு லெட்டர் எழுது, இந்தத் தடவை நானே உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன் என்றீர்கள். அந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு.

அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். ஆளைப் பற்றி நீங்கள் சொன்னீர்கள். வார்த்தையை நான் தேடினேன். பென்சில்களை உயர வரிசையில் அடுக்கி வைப்பவர், தூசி பிடிக்காது, எதையும் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்றீர்கள். காலி மருந்து பாட்டில்களைத் தோட்டங்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு, ஒருவரும் அனுப்பியதில்லை, அதில் அவருக்கு மனக்குறை உண்டு. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த குண்டான் திரும்பி வராவிட்டால் யாரும் போய்க் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து முன்பு எப்போதோ வந்த கிண்ணத்தைத் தேடிப்பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். கிண்ணத்தைப் பார்த்ததும் அவர்களுக்குக் குண்டான் ஞாபகம் வந்துவிடும். கேட்டதாகவும் இல்லை, கேட்காததாகவும் இல்லை. பாட்டிலை அனுப்புவோம் அண்ணே, மாத்திரையைப் பற்றி மூச்சே விட வேண்டாம் என்றேன்.

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். “இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல இதையா சொல்லிக் குடுத்தாங்க?”

ஒவ்வொரு வரியாகச் சண்டை போட்டோம். கொசுவை விட எனக்கு மனமே இல்லை. பணிவான ஒரே ஒரு கொசு, கடைசி வரியில், ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று மன்றாடினேன். நீங்கள் பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கினீர்கள்.

“இது என் கன்னம்லா தம்பி. உன் கன்னம் இல்ல.”

கொசுவை அடித்தோம். கடைசியில் கடிதம் இப்படி முடிந்தது: ‘ஐயா, தங்கள் கிடங்கிலிருந்து அன்புடன் எங்களுக்கு அனுப்பப்பட்ட பதினோரு பாட்டில்களையும் கழுவி, வெயிலில் உலர்த்தி, இத்துடன் திருப்பி அனுப்புவதில் மகிழ்ச்சியடைகிறோம். அவற்றில் வந்த மருந்தால் எழுந்து நடமாடியவர்கள் தங்களை நன்றியோடு நினைக்கிறார்கள். எங்கள் பகுதியில் மழை நெருங்கிவிட்டது. தங்கள் அலுவலகக் கூரை நன்றாக இருக்கும் என்று நம்புகிறோம். பாட்டில்கள் தங்களுக்கு வேறு எங்கும் பயன்படுமானால் எங்களுக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை.’ இரக்கவில்லை. நினைவூட்டவில்லை. யார் மேலும் பழி இல்லை. கூரையை விசாரித்தது என் யோசனை. எழுதி முடித்ததும் நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, கூரை நல்லா இருக்கு என்றீர்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்த காலி பாட்டில்களைக் கொண்டுவந்து அம்மாவிடம் போட்டேன். அகன்ற வாய், தடித்த பழுப்புக் கண்ணாடி, திருகு மூடி. லயத்துக் குழாயடியில் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வெறும் பாட்டிலாவா குடுத்து அனுப்புற?” இது ஆபீஸ் காரியம், பாத்திரம் பண்டம் விவகாரம் இல்லை என்று நான் பெரிய மனுஷனாகச் சொன்னேன். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தரம் டைப் அடித்தேன். முதல் தரம் அடித்ததில் ஒரு எழுத்து லேசாகச் சாய்ந்திருந்தது.

அதற்கு மறுநாள் காலையில் அம்மாவே வைக்கோல் வைத்து மூட்டையைக் கட்டிக்கொடுத்தாள். ஏற்றத்தில் மிதிக்கையில் காலி பாட்டிலுக்கு மூட்டை கொஞ்சம் கனம்தான் என்று பட்டது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் மூட்டையை வாங்கினீர்கள். கடிதத்தைத் தனியாக, மடிப்புக் கலையாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். கன்னத்தில் வீக்கம் வற்றிப் பச்சையாக ஆகியிருந்தது. வராந்தாப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். கதவு சாத்திக்கொண்டது. பாக்கியத்துக்கு அன்று நடுக்கம் வரும் நாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அறை விழும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தது சிரிப்புச் சத்தம்.

நீங்கள் வெளியே வந்தபோது கையில் சிவப்பு முத்திரை குத்திய தாள் இருந்தது. பதினோரு பாட்டிலும் நிரப்பித் தர உத்தரவு. முகம் முழுக்க, வீங்கின பக்கம் உட்பட, சிரிப்பு.

“உன் லெட்டர் ஜெயிச்சிடுச்சு தம்பி. ரெண்டு தரம் படிச்சாரு. கூரைக்கிட்ட வந்ததும் சிரிச்சிட்டாரு.”

அன்று நான் சைக்கிளை மிதித்ததாகவே ஞாபகம் இல்லை. பறந்தேன். மாத்திரை பாட்டில்கள் முதுகில் குலுங்க, கண்ணில் பட்ட மரத்துக்கெல்லாம் செய்தி சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் டிரஸ்ஸர் முதல் பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பு சரியாக இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கசப்பால்தான் என்றார். பன்னிரண்டாவது நாள் பாக்கியம் எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்கு உப்புப் பத்தவில்லை என்று சண்டை போட்டாள். கீழ் லயத்தில் கோணிகள் ஒவ்வொன்றாகக் கொடிக்குப் போயின. அந்த மழையில் எங்கள் தோட்டத்தில் யாரையும் புதைக்கவில்லை, அண்ணே. ஒருவரைக்கூட.

பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியுமா? தண்ணீர்க் குழாயடி, பெரட்டுத் திடல், கோவில் பக்கம், எங்கே நாலு பேர் நின்றாலும் ஐந்தாவதாக நான் நின்றேன். கூரை வரியை இங்கிலீஷில் சொல்லி, தமிழில் சொல்லி, கை ஆட்டிச் சொல்லி, கடைசியில் மலாய்க் கம்பத்து ஊர்ப்பெரியவர் ஒருவருக்கு மலாயிலும் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கும் குழாய் ரிப்பேருக்கும் நினைவூட்டல் எழுதித் தரச் சொல்லி ஆள் வந்தது. பாலிங் பக்கத்திலிருந்துகூட ஒருவர் லாரியில் தொற்றிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோர் என் கடிதத்தை எழுத்து மாறாமல் காப்பியடித்து, காலி பாட்டில்களோடு உங்கள் ஆபீசுக்குக் கொண்டுபோனார். அவருக்கு மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. கையெழுத்து சரியில்லை என்று நான் விளக்கம் சொன்னேன்.

சனிக்கிழமை தவறாமல் உங்களைப் பார்க்க வந்ததும் அதற்குப் பிறகுதான். நான் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவேன். நீங்கள் கருக்கிய சோளத்தில் போட்ட, காப்பி என்று பேர் வைத்த தண்ணீரை வாங்கித் தருவீர்கள். அங்சானா மரத்தடியில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பணிவான நினைவூட்டல் எழுதுவோம். வராத ரயிலுக்கு ஒன்று. நின்றுபோன மணிக்கூண்டுக்கு ஒன்று. மெர்கோங்கில் உங்களுக்குப் பெண் பார்த்துவிட்டு நாள் குறிக்காமல் இழுத்தடித்த உங்கள் மாமாவுக்கு ஒன்று. அதை மட்டும் நீங்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

ஒரு சனிக்கிழமை நான் எல்லாவற்றிலும் பெரியதை எழுதிக் கொண்டுவந்தேன். ஜப்பானிய ராணுவத்துக்கு. ‘ஐயா, தாங்கள் எங்கள் ஊருக்கு விருந்தாக வந்து வெகு காலம் ஆகிறது. தங்களைப் பிரிந்து தங்கள் தாயார்கள் எவ்வளவு வாடுவார்கள் என்பதை எண்ணி எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. கப்பல் புறப்படும் நேரம் தங்கள் பார்வையிலிருந்து தப்பியிருக்கக்கூடும்.’ நீங்கள் படித்தீர்கள். முகம் வெளுத்தது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வராமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, அந்தத் தாளைச் சுருட்டி வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டீர்கள்.

“மையில கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்லா,” என்றீர்கள்.

ஜப்பான்காரன் கெடாவைச் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து உங்கள் ஆபீசின் மேல் சயாம் கொடி பறக்கிறது. அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கிழங்கோடு வந்தபோது உங்கள் மேசையில் வேறொருவர் இருந்தார். மெர்கோங் வீட்டுக்கு லீவில் போன இடத்தில் நாலு நாள் சீதபேதி, முடிந்துவிட்டது என்றார். சாவைச் சொல்லும் குரலில்கூட இல்லை, லீவு நீடித்ததைச் சொல்வது மாதிரி. கிழங்கை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். உங்கள் வீக்கம், உங்கள் காலர், சத்தம் வராத அந்தச் சிரிப்பு எல்லாம் என்னோடு சைக்கிளில் வந்தன. இன்னொன்றும் வந்தது. இப்போதெல்லாம் எந்தக் கடிதம் எழுதினாலும், உறையில் போடும் முன், இது யார் கன்னத்தைக் கடந்து உள்ளே போக வேண்டியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். சிவப்பு மைப் புட்டி அப்படியே காய்ந்து கிடக்கிறது.

இத்தோடு முடித்தால் நான் ஜெயித்தவனாகவே முடிவேன். ஆனால் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அன்று நான் வராந்தாப் பலகையில் உட்காரவில்லை, அண்ணே. பக்கச் சுவரில் ஜன்னல் சட்டம் ஒன்று உடைந்திருந்தது. அதில் கண்ணை வைத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

கடிதத்தை மேசையில் வைத்தீர்கள். அவர் அதைத் தொடவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், மூடியைத் திருகினார், கவிழ்த்தார். வறுத்த நிலக்கடலை மேசையெல்லாம் சிதறியது. பதினோரு பாட்டிலிலும் கடலை. லயத்துக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த ஒரே பாத்திக் கடலை, பாக்கியம் எழுந்தால் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவன் ஜப்பான்காரனாக இருந்தால்கூட. உங்கள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவர் ஒரு கடலையை எடுத்துத் தோலைத் தேய்த்து வாயில் போட்டார். இன்னொன்று. பிறகுதான் அந்தச் சிரிப்பு. அவர் ஊரிலும் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டார்களோ என்னவோ. தோலைப் போட இடம் தேடினார். பக்கத்தில் கிடந்த என் கடிதத்தை எடுத்து, நான்கு ஓரத்தையும் மடித்து, ஒரு தட்டாக்கினார். உங்கள் கையிலும் நாலு கடலையை வைத்தார். நீங்கள் வலிக்காத பக்கமாக மென்றீர்கள். மற்றப் பாட்டில்களை உங்கள் டிராயரைத் திறந்து அதிலேயே கொட்டச் சொன்னார். எல்லாத் தோட்டத்து நினைவூட்டல்கள் மேலும் கடலை விழுந்தது. ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. கூரையை யாரும் விசாரிக்கவில்லை.

கதவு திறக்கும் முன் ஓடிவந்து பலகையில் உட்கார்ந்துகொண்டேன். ரெண்டு தரம் படிச்சாரு என்று நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பினேன். நம்பியதாக உங்களை நம்பவைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெருமையைத் தலையில் சுமந்து ஊரெல்லாம் காட்டினேன். கடலை அனுப்பியவளிடம் மட்டும் வாயே திறக்கவில்லை.

நேற்று அம்மா பூனைக்குட்டி பார்க்க ஆபீசுக்கு வந்தாள். கறுப்புக் குட்டியை உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது, தொண்டையைக் கனைத்து, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரில மாத்திரையக் கொட்டுனப்ப மூணு பாட்டில்ல கடலத் தோலு இருந்துச்சு. நான்தான் பொறுக்கிப் போட்டேன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கடலய நீயும் மறந்துட்டே, சந்தோசமா இருந்தே. அத எதுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டு.”